கோட் எழுதும்போது எடிட்டர் ஸ்டக் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள், உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்தவர்கள், கல்முனையிலோ ஏறாவூரிலோ வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எடிட்டர் என்பது கோட் எழுதும் புரோகிராம். கூடுதலானவர்கள் பாவிப்பது மைக்ரோசொஃப்டின் விஎஸ் கோட் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம். மற்ற எடிட்டர்கள் இடையிடையே வரும்.

எடிட்டர் சரியான ஸ்லோ. எங்கிருந்து தொடங்குவது?

எந்த நேரத்தில் ஸ்லோ என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். திறக்கவே ஒரு நிமிடம் எடுக்கிறதா? திறந்த பிறகு டைப் செய்யும் எழுத்து பிந்தி வருகிறதா? எழுத்து உடனே வந்து, புள்ளி வைத்ததும் வர வேண்டிய பரிந்துரைப் பட்டியல் மட்டும் சுணங்குகிறதா? இல்லை, சேவ் கொடுத்தால் நிற்கிறதா?

திறப்பது சுணங்கினால் டிஸ்க்கையும் எக்ஸ்டென்ஷன்களையும் (எடிட்டரோடு சேர்த்துப் போடும் துணைப் புரோகிராம்கள்) பாருங்கள். எழுத்து பிந்தினால் அந்த ஃபைலைப் பாருங்கள். பட்டியல் சுணங்கினால் எடிட்டரைத் திட்டிப் பயனில்லை, கோட்டை வாசித்து அந்தப் பட்டியலைத் தருவதற்குப் பின்னால் ஓடும் லாங்குவேஜ் சர்வர்தான் வேலையாக இருக்கிறது. சேவ் நின்றால் அநேகமாக ஃபோர்மட்டர், அதாவது கோட்டின் வரிகளை ஒழுங்குபடுத்தும் கருவி.

அதோடு ஒரு சோதனை. எந்த ஃபோல்டரும் திறக்காமல் புதிய விண்டோ ஒன்றை எடுத்து, வெற்று ஃபைலில் நாலு வரி வேகமாக அடியுங்கள். அங்கே எழுத்து விரலோடு ஓடி வந்தால் லெப்டொப் நல்லாகத்தான் இருக்கிறது, கோளாறு புரொஜெக்டில். அங்கேயும் இழுத்தால் மெஷினைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கடையில் காட்டினேன். ஃபோர்மட் அடித்தால் சரிவரும் என்கிறார்கள். அடிக்கலாமா?

நம்ம பக்கத்தில் எதற்கும் முதல் வைத்தியம் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடும் ஃபோர்மட்தான். அடித்த கையோடு வேகமாக இருப்பதும் உண்மைதான். ஏன் என்று பாருங்கள்: எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லை, பின்னணியில் தானாகத் தொடங்கும் புரோகிராம் இல்லை, பெரிய புரொஜெக்ட் ஃபோல்டர் இல்லை. பிறகு பழைய எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போடுவீர்கள், பழைய புரொஜெக்டைக் கொப்பி பண்ணுவீர்கள், பழைய ஸ்லோவும் கூடவே வரும். குற்றவாளி யார் என்று தெரியாமலே காசும் ஒரு நாளும் போயிருக்கும். வைரஸ் உறுதியாக இருந்தாலோ விண்டோஸே உடைந்திருந்தாலோ ஃபோர்மட் நியாயம். எடிட்டர் சுணங்குகிறது என்பதற்காக வேண்டாம்.

அப்படியும் அடிப்பதென்றால் கோட் எல்லாவற்றையும் ஜிட்ஹப்பில் ஏற்றிவிட்டு அடியுங்கள். டெஸ்க்டொப்பில் இருந்த இறுதி ஆண்டு புரொஜெக்டை மறந்துவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். எதைப் பார்க்க வேண்டும்?

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். எடிட்டர் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே பாருங்கள். பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மெமரி 90 வீதத்துக்கு மேல் நின்றால் ரெம் போதவில்லை. விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கிறது. சிபியு நிரம்பியிருந்தால் மேலே யார் நிற்கிறார் என்று பாருங்கள். பல தடவை அது விஎஸ் கோட் ஆக இருக்காது. 40 டாப் திறந்த குரோம், இல்லையென்றால் 'ஆன்டிமால்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்', அதாவது விண்டோஸ் டிஃபென்டர்.

டிஸ்க் 100 வீதத்தில் நின்று, உங்களிடம் இருப்பது பழைய சுழலும் ஹாட் டிஸ்க் என்றால், மேலே படிக்கத் தேவையே இல்லை. நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன் எடுக்கும். டிஸ்க்கை வாசிக்கும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்கச் சுமார் 15 மில்லி செக்கன். ரியாக்ட் பாவிக்கும் ஒரு வெப் புரொஜெக்டில், இறக்கிய பொதிகள் கிடக்கும் நோட் மொடியூல்ஸ் ஃபோல்டருக்குள் 30,000 ஃபைல் இருப்பது புதினமில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை தொட ஏழரை நிமிடம் போகும். எடிட்டர் ஒரு பக்கம் தொடும், டிஃபென்டர் மறு பக்கம் தொடும். எஸ்எஸ்டியில் தலை நகரும் வேலையே இல்லை. அதனால்தான் பழைய லெப்டொப்பில் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் புது மெஷின் போல் ஆகிறது.

டிஃபென்டரை நிறுத்திவிடலாமா?

முழுதாக நிறுத்த வேண்டாம். பென் டிரைவ் கைமாறும் ஊரில் அது தற்கொலை. புரொஜெக்ட் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்குளூஷன் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்து இறக்கும் பொதிகளிலும் கள்ளச் சரக்கு வந்திருக்கிறது. எதை எல்லாம் இறக்குகிறோம் என்று தெரிந்தவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் நிறையப் போட்டிருக்கிறேன். எது பிரச்சினை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது பெரிய தொல்லை. விஎஸ் கோட்டிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கொன்ட்ரோல், ஷிப்ட், பி அழுத்தி வரும் பெட்டியில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று தேடுங்கள். அது உங்கள் எக்ஸ்டென்ஷன்களில் பாதியை நிறுத்திவிட்டு எடிட்டரை மீண்டும் திறக்கும். இப்போது நல்லா இருக்கிறதா, இன்னும் ஸ்லோவா என்று கேட்கும். பதிலைச் சொன்னால் சந்தேகம் உள்ள பாதியை மறுபடி பாதியாக்கும். 32 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். வேலை செய்துகொண்டே பதில் சொல்லுங்கள். 'நல்லா இருக்கிறது' என்று அவசரப்பட்டு அழுத்தினால் பிழையான ஆளைப் பிடித்துத் தரும்.

பைசெக்ட் செய்ய நேரமில்லை என்றால் அதே பெட்டியில் 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தேடுங்கள். ஒவ்வொன்றும் எழும்ப எத்தனை மில்லி செக்கன் எடுத்தது என்று காட்டும். ஹெல்ப் மெனுவில் 'புரோசஸ் எக்ஸ்புளோரர்' இருக்கிறது. எடிட்டருக்குள்ளேயே யார் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி தின்கிறார் என்று அதில் பிரித்துப் பார்க்கலாம்.

எக்ஸ்டென்ஷன்கள் தனிப் புரோசஸில் ஓடுகின்றன. அதனால் ஒன்று குழம்பினாலும் டைப்பிங் நிற்காது என்பதுதான் விஎஸ் கோட்டின் ஏற்பாடு. ஆனால் இரண்டு கோர் மட்டும் உள்ள மெஷினில் ஒரு கோரை ஒரு எக்ஸ்டென்ஷன் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாவற்றுக்கும் மற்றதுதான். தனிப் புரோசஸ் என்ற ஏற்பாடு அங்கே கைகொடுக்காது.

தேவையில்லாமல் இருப்பவையும் உண்டு. அடைப்புக்குறிக்கு நிறம் போடும் எக்ஸ்டென்ஷனை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். 2021 முதல் அந்த வசதி எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் யார் எப்போது எழுதினார் என்று காட்டுவது, இரண்டு மூன்று ஏஐ உதவியாளர், யூடியூபில் 'கட்டாயம் வேண்டிய 25' என்று சொன்னதால் போட்டவை, இவற்றைக் கழற்றினாலே மூச்சு வரும். பைதனுக்கு ஒன்று, வெப் வேலைக்கு ஒன்று என்று புரொஃபைல் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்பி எழுதும் நேரத்தில் ஜாவா எக்ஸ்டென்ஷன் எழும்ப வேண்டிய அவசியம் இல்லை.

டைப் செய்தால் எழுத்து ஒரு நொடி பிந்தி வருகிறது, அண்ணா. அதுவும் ஒரே ஒரு ஃபைலில் மட்டும்.

ஒரே ஃபைலில் மட்டும் என்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது, ஒரு எழுத்தை அழுத்தியதும் எடிட்டர் தன் வேலையை முடிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி செக்கன். அதற்குள் எழுத்தைச் சேர்க்க வேண்டும், வரிக்கு நிறம் போட வேண்டும், திரையில் வரைய வேண்டும். முடியவில்லை என்றால்தான் உங்கள் கண்ணுக்குச் சுணக்கமாகத் தெரிகிறது.

இதில் நிறம் போடும் வேலையைக் கவனியுங்கள். விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் வரி வரியாகப் போகும். ஒரு வரியைப் படித்து முடிக்கும்போது 'இப்போது நான் ஒரு கொமென்டுக்குள் இருக்கிறேனா, மேற்கோளுக்குள் இருக்கிறேனா' என்ற நிலையைக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். நீங்கள் ஒரு வரியைத் திருத்தியபின் அந்த நிலை முன்பு இருந்தது போலவே இருந்தால் அதோடு நிறுத்திவிடும். மாறினால் கீழே போய்க்கொண்டே இருக்கும். 4,000 வரி உள்ள பிஎச்பி ஃபைலில் 10ஆம் வரியில் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு ஒரு கொமென்டைத் திறந்து பாருங்கள். மூடும்வரை கீழே உள்ளவை எல்லாம் கொமென்ட் நிறத்துக்கு மாறும். மூடியதும் திரும்ப மாறும். இரண்டு எழுத்துக்காக ஃபைல் முழுவதும் இரண்டு தடவை படிக்கப்பட்டது.

இதைவிட மோசம் நீளமான வரி. மினிஃபை பண்ணிய (இடைவெளி எல்லாம் நீக்கிச் சுருக்கிய) ஜாவாஸ்கிரிப்ட், ஒரே வரியில் கொட்டிக் கிடக்கும் ஜேசன் தரவு, எழுத்தாக மாற்றி எச்டிஎம்எல்லுக்குள் அப்படியே ஒட்டிய பேஸ்64 படம் ஆகியவற்றில் வரி வரியாகப் போகும் உபாயம் உதவாது. அந்த ஒரு வரிதான் முழு ஃபைலும். ஒரு வரி 20,000 எழுத்தைத் தாண்டினால் விஎஸ் கோட் அதற்கு நிறம் போடுவதையே விட்டுவிடும். அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும் வரிகள்தான் ஆளை வாட்டுகின்றன. படத்தைத் தனி ஃபைலாக வையுங்கள். ஜேசனை ஃபோர்மட் செய்து வரி பிரியுங்கள். மினிஃபை ஃபைலைத் திருத்தவே கூடாது, மூலத்தைத் திருத்துங்கள்.

எல்லா ஃபைலிலும் எழுத்து பிந்தினால் வேறு கதை. பழைய கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்கலாம். டிஸ்ஏபிள் ஜிபியு என்ற தெரிவோடு எடிட்டரைத் திறந்து ஒருக்கால் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். ஃபைல் முழுவதையும் சின்னதாகக் காட்டி வலப்பக்கம் ஓடும் மினிமாப்பை நிறுத்துவதும் பழைய மெஷினில் கொஞ்சம் உதவும்.

300 எம்பி எஸ்கியுஎல் ஃபைலைத் திறந்தால் தொங்கிவிடுகிறது.

திறக்க வேண்டாம். டேட்டாபேஸ் பேக்கப்பை எடிட்டரில் வாசிக்க என்ன தேவை? முதல் 50 வரியைப் பார்க்க வேண்டும் என்றால் லினக்ஸ் அல்லது ஜிட் பாஷ் டெர்மினலில் ஹெட் கட்டளை போதும். உள்ளே தேட வேண்டும் என்றால் கிரெப் அல்லது லெஸ். 20 எம்பி அல்லது 3 இலட்சம் வரிக்கு மேல் போனால் விஎஸ் கோட் நிறம் போடுதல் போன்ற வசதிகளைத் தானாகவே நிறுத்திவிடும். அந்த அமைப்பை நீங்களே போய்க் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

ஃபோல்டரைத் திறந்ததுமே ஃபேன் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. ஏன்?

எதைத் திறந்தீர்கள் என்று பாருங்கள். டி டிரைவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே படமும் பாட்டும் கலியாண வீடியோவும் கிடக்கும். எடிட்டர் பாவம், திறந்த ஃபோல்டருக்குள் எது மாறினாலும் தனக்குத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் கண்காணிக்கும், தேடலுக்கும் அதற்குள்தான் நுழையும். வேலை செய்யும் புரொஜெக்டை மட்டும் திறவுங்கள்.

அப்புறம் ஒன்ட்ரைவ். விண்டோஸ் பல மெஷின்களில் டெஸ்க்டொப்பையும் டொக்யுமென்ட்ஸையும் கேட்டும் கேளாமலும் ஒன்ட்ரைவுக்குள் போட்டுவிடுகிறது. டெஸ்க்டொப்பில் வைத்து என்பிஎம் இன்ஸ்டோல் கொடுத்தால் அந்த 30,000 ஃபைலையும் இன்டர்நெட்டில் ஏற்றத் தொடங்கும். டேட்டாவும் போச்சு, டிஸ்க்கும் போச்சு. சி டிரைவில் 'வேலை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பெயரில் இடைவெளி இல்லாமல், எல்லாப் புரொஜெக்டையும் அங்கே வையுங்கள்.

இடப்பக்கம் சோர்ஸ் கொன்ட்ரோல் சின்னத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று எண் நிற்கிறதா? ஜிட் எதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லும் ஜிட்இக்னோர் ஃபைல் இல்லை என்று அர்த்தம். நோட் மொடியூல்ஸ், பைதனின் வென்வ் (ஒரு புரொஜெக்டுக்கென்று தனியாகப் போடும் பைதன் சூழல்), பில்ட் ஃபோல்டர் மூன்றையும் அதில் எழுதுங்கள். செட்டிங்ஸில் 'வொச்சர் எக்ஸ்குளூட்' என்று தேடி அங்கேயும் சேர்த்துவிடலாம்.

டபிள்யுஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் வசதி) பாவிப்பவர்கள் புரொஜெக்டை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் பக்கத்தில் இருந்து திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவே உள்ள எல்லையைக் கடந்து வர வேண்டும். சின்ன ஃபைல் நிறைய இருக்கும் புரொஜெக்டில் இது நன்றாகவே உறைக்கும்.

பைதனில் புள்ளி வைத்தால் பட்டியல் வர ஐந்தாறு செக்கன் ஆகிறது.

அந்தப் பட்டியலைத் தருவது எடிட்டர் இல்லை, லாங்குவேஜ் சர்வர் என்ற தனிப் புரோகிராம். 2016 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஒரு பொது நெறிமுறைப்படி இரண்டும் பேசிக்கொள்கின்றன. பைதனுக்கு விஎஸ் கோட்டில் ஓடுவது பைலான்ஸ். தரவு வேலைக்கான பான்டாஸ் நூலகத்தை நீங்கள் இம்போர்ட் செய்தால் அது பான்டாஸின் கோட் எல்லாம் வாசித்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை சுணங்கும், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளும் சுணங்கினால் வலப்பக்கம் கீழே எந்த இன்டர்பிரிட்டர் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் கொட்டி வைத்த பொது இன்ஸ்டோலேஷனா, புரொஜெக்டுக்கென்றே உள்ள சின்ன வென்வா? இரண்டாவதை எடுங்கள்.

உயர்தர ஐசிடிக்கு லூப்பும் ஃபங்ஷனும் பழகுவதற்கு இவ்வளவும் தேவையே இல்லை. பைதனோடு வரும் ஐடில், இல்லையென்றால் எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி போதும். 4 ஜிபி மெஷினில் இரண்டும் தாராளமாக ஓடும். தொன்னியில் ஒவ்வொரு படியாக ஓடவிட்டு மாறிகளின் பெறுமானம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆசிரியர்கள் விஎஸ் கோட்டைவிட இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

சேவ் கொடுத்தால் இரண்டு மூன்று செக்கன் நிற்கிறது.

'ஃபோர்மட் ஒன் சேவ்' போட்டிருப்பீர்கள். கோட்டை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியரும் பிழை காட்டும் ஈஎஸ்லின்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அந்த ஃபைலைச் சுற்றும். இரண்டும் ஒரே வேலையைச் செய்யாதபடி பிரித்துவிடுங்கள், ஃபோர்மட் ஒருவருக்கு, பிழை காட்டுவது மற்றவருக்கு. ஓட்டோ சேவ் 1,000 மில்லி செக்கனில் இருந்தால் நீங்கள் யோசிக்க நிற்கும் ஒவ்வொரு தடவையும் சேவ் ஆகி, எழுதும் தளத்தை உங்கள் மெஷினிலேயே ஓட்டிக் காட்டும் டெவ் சர்வர் மறுபடி பில்ட் பண்ணும். அதை, வேறு விண்டோவுக்குப் போகும்போது மட்டும் சேவ் ஆகும்படி மாற்றுங்கள்.

காலையில் நல்லா ஓடுகிறது. மத்தியானம் ஆனால் ஆமை. ஏன் காக்கா?

சாய்ந்தமருதில் இருந்து வந்த கேள்வி (அங்கே காக்கா என்றால் அண்ணன்). பதில் பெரும்பாலும் சூடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம்ம பக்கம் 35 பாகைக்கு மேல் போகும் மத்தியானங்கள் சாதாரணம். லெப்டொப் உறிஞ்சுவதே சுடு காற்று. பல லெப்டொப் சிபியுக்கள் 100 பாகை கிட்ட வந்ததும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே வேகத்தைக் குறைக்கும். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனுக்கு முன்னால் உள்ள தட்டுகளில் பாய் விரித்தது போல் அப்பிக்கொள்ளும். கழற்றித் துப்புரவு செய்து, தேர்மல் பேஸ்ட் மாற்றினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கட்டிலில் மெத்தை மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம், அடியில் உள்ள துவாரம் அடைபடும்.

சூடு என்பதை எப்படி உறுதிப்படுத்துவது? டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியுவை அழுத்துங்கள். 'பேஸ் ஸ்பீட் 2.40 கிகாஹேர்ட்ஸ்' என்று இருக்கும். பக்கத்தில் இப்போதைய வேகம் இருக்கும். எடிட்டர் இழுக்கும்போது அது அடிப்படை வேகத்தைவிட நன்றாகக் கீழே நின்றால் மெஷின் தன்னைத் தானே கட்டிப்போட்டிருக்கிறது.

அந்த எண் 0.79 கிட்ட அசையாமல் நின்று, மெஷின் சூடாகவும் இல்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட் லெப்டொப், உள்ளூரில் வாங்கிய மலிவுச் சார்ஜர், இதுதான் வழக்கமான சோடி. சில லெப்டொப்கள் சார்ஜர் தன்னுடையதா, போதுமான வொட் உள்ளதா என்று கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் சிபியுவை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது சார்ஜர் பற்றி ஓர் எச்சரிக்கை வந்து, நாம் என்டரை அழுத்திக் கடந்து போயிருப்போம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பட்டறியில் மட்டும் ஓடவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். ஏறினால் வேறு சார்ஜர் வாங்குங்கள். இதற்கும் ஃபோர்மட் அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

4 ஜிபி ரெம் போதுமா? ரெம் போடவா, எஸ்எஸ்டி போடவா?

விண்டோஸ் 11 இன் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி. அதாவது விண்டோஸ் எழும்பி நிற்க மட்டும். எடிட்டர், குரோம், ஒரு டெவ் சர்வர் மூன்றையும் சேர்த்தால் 8 ஜிபி வேண்டும். ஆண்ட்ராய்டு ஆப் செய்வதென்றால் 16.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, உள்ளே சுழலும் ஹாட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி. ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் ரெம். வாங்கப் போக முன் மொடல் நம்பரைப் பாருங்கள். மெல்லிய லெப்டொப்கள் பலவற்றில் ரெம் போர்டோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது.

கோட்டுக்குள் தமிழ் எழுத்து இருந்தால் ஸ்லோவாகுமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்து வைத்திருங்கள். யுடிஎஃப்-8 இல் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து. கொம்பியூட்டருக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, 15 பைட். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரியை எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற கணக்கில் எடிட்டர் சட்டென்று வரைந்துவிடும். தமிழ் கலந்த வரியில் அந்தக் குறுக்குவழி செல்லாது, தனக்குள் இருக்கும் உலாவி இயந்திரத்திடம் அகலத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கர்சரை வைக்க வேண்டும். சில நூறு வரிக்கு இது தெரியவே தெரியாது. ஆப்பில் வரும் தமிழ் வாசகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் தனி ஜேசன் ஃபைலாக வையுங்கள். மொழிபெயர்ப்பவருக்கும் அது வசதி.

உண்மையில் சுணக்கம் தருவது பல நேரம் தமிழ் அடிக்கும் சொஃப்ட்வெயார். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கீயும் முதலில் அதனிடம் போய், அது தமிழா ஆங்கிலமா என்று பார்த்து விட்ட பிறகுதான் எடிட்டருக்கு வரும். அதை மூடிவிட்டு ஒருக்கால் டைப் செய்து பாருங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களைக் கோட்டுக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். அது எடிட்டரின் கோளாறு இல்லை, பாமினி யுனிகோட் இல்லை. மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பாடசாலை லேப்பில் விண்டோஸ் 7. விஎஸ் கோட் இன்ஸ்டோல் ஆகவில்லை, சேர்.

ஆகாது. விண்டோஸ் 7 க்கு ஓடிய கடைசிப் பதிப்பு 1.70, 32 பிட் விண்டோஸுக்கு 1.83. அந்த மெஷின்களில் நோட்பேட் பிளஸ் பிளஸ் அருமையாக ஓடும். சிபியு 64 பிட் என்றால் லுபுன்டுவோ லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்போ போட்டு ஜீனி எடிட்டரைப் பாவிக்கலாம். லேப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நான் டெர்மினலில் ஓடும் விம் எடிட்டரைப் பாவிக்கிறேன். அதுவும் ஸ்லோவாகுமா?

ஆகும். 'கிளீன்' தெரிவோடு திறந்து பாருங்கள், அதில் வேகம் என்றால் உங்கள் கொன்ஃபிக் ஃபைல்தான். 'ஸ்டார்ட்அப்டைம்' தெரிவு எந்த பிளகின் எத்தனை மில்லி செக்கன் தின்றது என்று எழுதித் தரும். ஸ்க்ரோல் பண்ணும்போது இழுத்தால் 'சின்டைம்' ஓடவிட்டுப் பாருங்கள், நிறம் போடும் விதிகளில் எது பாரம் என்று காட்டும். நீள வரியில் எத்தனை எழுத்துவரை நிறம் போடுவது என்ற எல்லை 3,000 இல் இருக்கும், 200 ஆகக் குறைத்தால் பல தொல்லை தீரும். ஈமாக்ஸ் எடிட்டர் ஆட்கள் நீள வரியில் மாட்டினால் 29ஆம் பதிப்புக்கோ அதற்குப் பிந்தியதற்கோ போங்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ?

புரொஜெக்டை வாசித்து இன்டெக்ஸ் பண்ணி முடியும்வரை தொடாதீர்கள், கீழே ஓடும் முன்னேற்றப் பட்டையைப் பாருங்கள். எமியுலேட்டரை (கொம்பியூட்டருக்குள் ஓடும் போலி ஃபோன்) மூடிவிட்டு உங்கள் சொந்த ஃபோனை வயரில் குத்திச் சோதியுங்கள். நிறைய ரெம் மிஞ்சும்.

சர்வரில் வேலை செய்கிறேன். பின்னேரம் ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சுணங்கி வருகிறது.

தூரத்துச் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்குள் விம் அல்லது நானோ எடிட்டரைத் திறந்திருந்தால், நீங்கள் அழுத்தும் எழுத்து சர்வருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரியும். சர்வர் அமெரிக்காவில் என்றால் போய்வர 200 மில்லி செக்கனுக்கு மேல். பின்னேரம் எல்லா வீட்டிலும் ஒரே கோபுரத்தில் 4ஜி ரூட்டர் ஓடும்போது இன்னும் கூடும். சிங்கப்பூர் சர்வர் கிடைத்தால் அதை எடுங்கள். எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக மோஷ் பாவித்தால் எழுத்தை உள்ளூரிலேயே ஊகித்துக் காட்டிவிடும்.

விஎஸ் கோட்டின் ரிமோட் எக்ஸ்டென்ஷனில் டைப்பிங் உங்கள் மெஷினிலேயே நடக்கும். சேவும் தேடலும் மட்டும்தான் கடல் கடக்கும். ஆனால் அது சர்வரில் ஒரு பகுதியை நிறுவும், அதற்கு ஆகக் குறைந்தது 1 ஜிபி ரெம் வேண்டும். ஆக மலிவான 512 எம்பி சர்வரை எடுத்துவிட்டு எடிட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

பேசாமல் எடிட்டரையே மாற்றிவிடவா?

மேலே உள்ளவற்றைப் பார்த்துவிட்டும் சரிவரவில்லை என்றால் மாற்றுங்கள். விஎஸ் கோட் உள்ளுக்கு ஒரு குரோம் போன்றது, எலக்ட்ரோனில் ஓடுகிறது. சப்லைம் டெக்ஸ்ட், கேட், ஜீனி எல்லாம் அப்படியில்லை, பழைய மெஷினிலும் சட்டென்று திறக்கும். ஆனால் அவற்றிலும் லாங்குவேஜ் சர்வரைப் போட்டால் அந்தப் பாரம் அப்படியே வரும். பழைய குறிப்பைப் பார்த்து அட்டம் எடிட்டரைத் தேட வேண்டாம், அதை 2022 டிசம்பர் 15 உடன் நிறுத்திவிட்டார்கள்.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால் என்ன சொல்ல வேண்டும்?

'லெப்டொப் ஸ்லோ, ஹெல்ப்' என்று வாட்ஸப்பில் திரையைச் சரித்துப் பிடித்து எடுத்த படம் அனுப்பினால் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த எடிட்டர், எந்தப் பதிப்பு, ரெம் எவ்வளவு, ஹாட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எந்த மொழி, எந்த நேரத்தில் சுணங்குகிறது, வெற்று விண்டோவில் எப்படி இருந்தது, எக்ஸ்டென்ஷன் எல்லாம் நிறுத்தினால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். விஎஸ் கோட் திறந்திருக்கும்போதே டெர்மினலில் கோட் என்ற கட்டளையை ஸ்டேட்டஸ் தெரிவோடு ஓடவிட்டால் மெஷின் விபரம், ஓடும் புரோசஸ்கள், புரொஜெக்டில் எத்தனை ஃபைல் எல்லாம் எழுத்தாகவே வரும். அதைக் கொப்பி பண்ணி அனுப்புங்கள். அனுப்ப முன் ஃபோல்டர் பெயர்களில் வாடிக்கையாளர் பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அழித்துவிடுங்கள்.